பதினொரு செகண்டு நீளம்

கடைக்காரர் ஆறாவது ப்ளைவுட் ஷீட்டையும் அடுக்கிலிருந்து இறக்கினார். டிரைவர் விரல் கணுவால் நான்கு மூலையிலும் தட்டிப் பார்த்தார். பிறகு அதைத் தரையில் படுக்கப் போடச் சொன்னார். முட்டி போட்டு, கன்னத்தை ஓரத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். பலகை வாங்குகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். நெளிசல் இருந்தால் தெரிந்துவிடும். இரண்டு விநாடி போதும். அவர் எழுந்திருக்கவில்லை.

"தூங்கிட்டாரா?" என்றார் கடைக்காரர்.

"சும்மா இருங்க. ரயில் ஓட்டுனவரு. அப்படித்தான் பாப்பாரு," என்றார் தச்சர்.

தச்சரைத் தெருவில் முக்காலிஞ்ச் என்பார்கள். அலமாரி, கட்டில், நாய்க்கூண்டு, எதைக் கேட்டாலும் முக்கால் இஞ்ச் பலகை போட்டால்தான் நிற்கும் என்பார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

டிரைவர் எழுந்து முட்டியைத் துடைத்தார்.

"நடுவுல ரெண்டு எம்எம் தூக்குது."

"ரெண்டு எம்எம் எல்லாம் ஒரு தூக்கலா சார்? கட்டிலுக்குப் போட்டா படுத்தவருக்குக்கூடத் தெரியாது."

"கட்டில் இல்ல. வண்டி ஓடணும்."

"எந்த வண்டி?"

தச்சர்தான் விளக்கினார். சார் ஓய்வு பெற்றபோது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு பெட்டி கொடுத்தார்கள். அதில் ஒரு இன்ஜின், நாலு கோச்சு, கட்டுக்கட்டாகத் தண்டவாளம். எல்லாம் அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ரெண்டு வருஷமாகப் பிரிக்காமல் கிடந்தது. இப்போது பிரித்துவிட்டார். அதற்கு அடிப்பலகை.

"பொம்மை ரயிலுக்கா ஆறு ஷீட்டு இறக்கச் சொன்னீங்க?"

"ஏழாவதையும் இறக்குங்க," என்றார் டிரைவர்.

வெளியே மூன்றாவது நாளாக மழை. கடைக்குள் மரத்தூளும் பசையும் ஈரமும் சேர்ந்த வாசனை. கடைக்காரர் மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைகள் பக்கம் கை காட்டினார்.

"இத எடுத்துக்கங்க. கண்ணாடி மாதிரி இருக்கும்."

"ஈரம் பட்டா பிஸ்கட் மாதிரி ஊதிடும். கனம் வேற. ப்ளைவுட்தான் வேணும். ஒம்பது எம்எம். அடியில ரீப்பர் சட்டம் போட்டுக்கலாம்."

"ஒம்பதா?" தச்சருக்கு மனசு கேட்கவில்லை. "முக்காலிஞ்சா போட்டா சட்டமே வேணாம் சார். மேல நீங்களே ஏறி நிக்கலாம்."

"நான் எதுக்கு ஏறி நிக்கணும்?"

"சரி, நீளம் சொல்லுங்க," என்றார் கடைக்காரர். "அதுக்கேத்த மாதிரி பாத்து எடுக்கறேன்."

"பதினொரு செகண்டு."

கடைக்காரர் தச்சரைப் பார்த்தார். தச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"எங்கிட்ட இருக்கறது அடி டேப்பு சார். கடிகாரத்த வெச்சு அறுக்க வராது."

டிரைவர் சிரிக்கவில்லை. உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டார்.

"எட்டடி. ஒரு நூல்கூடக் குறையக் கூடாது."

ஏழாவதும் ஈரம் வாங்கியிருந்தது. மழை விட்டுப் புது லோடு வரட்டும் என்று மூவரும் முடிவு செய்தார்கள்.

வீட்டில் ஹால் பதின்மூன்று அடி. ஜன்னலோரம் மனைவியின் தையல் மெஷின். தொழிற்சாலைச் சீருடைக் கால்சட்டைகளுக்குப் பை தைத்துக் கொடுக்கிறாள். கட்டுக்கு ஐம்பது கால்சட்டை. வலப் பை, இடப் பை, பின்பை. மழைக்காலத்தில் துணி கனத்து ஊசியை இழுக்கும். அவள் நடு நடுவே நிறுத்தி ஊசியைத் தலைமுடியில் ஓட்டி எடுப்பாள்.

நாலு மணிக்கு டீ போட்டாள். வெங்காயம் வதக்கி முட்டை ஊற்றி, ரொட்டி நடுவில் வைத்து இரண்டாக வெட்டினாள். இருவரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் சாப்பிட்டார். கடையைப் பற்றிச் சொன்னார். நாலு பத்துக்குப் பேச்சு நின்றது. வலது கை மேசை விளிம்பைப் பிடித்தது. நரம்பு புடைத்தது. அவள் தன் தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கை தளர்ந்தது. அவர் மிச்ச ரொட்டியை எடுத்தார்.

தினமும் இப்படித்தான். ஒன்பது வருஷமாக.

ஒன்பது வருஷம் முன்பு ஒரு மாலை, நாலு பத்துக்கு, பம்ப் ஹவுஸ் வளைவில் ஒரு பெண் அவர் ஓட்டிய வண்டியில் அடிபட்டு இறந்தாள். அவருடைய சர்வீஸில் அது மூன்றாவது. மற்ற இரண்டைப் பற்றி அவர் மனைவியிடம் பேசியிருக்கிறார். ஒருமுறை அழுதும் இருக்கிறார். இதைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது விசாரணைத் தாளில் இருப்பது மட்டும். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். ஓட்டுநர் மீது தவறில்லை. தாள் அலமாரியில் வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது. அதற்குப் பிறகும் அவர் ஏழு வருஷம் அதே தடத்தில் ஓட்டினார்.

அந்தப் பெண் இந்த வீட்டில் இருந்தாள். மனைவி இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வேப்பிலை அடிக்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் டாக்டரிடம் போகச் சொல்வார்கள். பார்த்ததும் இல்லை, சத்தம் கேட்டதும் இல்லை. ஆனால் கடைத்தெருவில் மனைவி எதிரே நடந்து வந்தால் அவர் தலையைக் குனிந்துகொள்வார். பக்கத்தில் வந்த பிறகுதான் நிமிர்வார். முதல் வருஷம் கோபம் என்று நினைத்தாள். பிறகு புரிந்தது. எதிரே யார் வந்தாலும் அங்கே முதலில் இன்னொருத்தி நிற்கிறாள். தான் நடந்து வருவதைத் தன் புருஷன் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறது.

பெட்டியைப் பிரித்தபோது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கையில் ஒரு வேலை இருந்தால் நல்லது என்று நினைத்தாள். மெஷினைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொள்கிறேன் என்று தானே சொன்னாள்.

மறுநாள் முக்காலிஞ்ச் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். முகத்தில் சந்தோஷம்.

"சார், பலகை கெடச்சிடுச்சு. கடையே வேணாம். மேட்டுத் தெருவுல ஒரு வீட்ட இடிக்கறாங்க. ஃப்ளஷ் டோர் ஒண்ணு கழட்டி வெச்சிருக்காங்க. உள்ள கூடு, ரெண்டு பக்கமும் ப்ளை. எறும்பு தூக்கிட்டுப் போற கனம். இருவது வருஷம் காஞ்சது, இனிமே நெளியறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல."

"என்ன நீளம்?"

"கதவு நீளந்தான். ஆறே முக்கால்."

"பத்தாது."

"ஒண்ணேகால் அடிதான சார் கொறையுது? ரயில அந்தப் பக்கமா கொஞ்சம் வளைச்சு விட்டுக்கங்க."

"பத்தாதுன்னா பத்தாது. ஆறே முக்கால் போட்டா அந்தம்மா பலகைக்கு வெளிய நிப்பாங்க."

மெஷின் நின்றது.

"எந்தம்மா?" என்றார் தச்சர்.

தச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீ குடிக்கறியாப்பா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லக்கா. இன்னொரு எடத்துல வேல இருக்கு." அவர் குடையை மடக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

அவள் எழுந்து மேசை மேலிருந்த கணவரின் நோட்டை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. நீள நீளமாகக் கோடு. ஒரு வளைவு. வளைவின் உள்பக்கம் ஒரு சதுரம், பம்ப் ஹவுஸ் என்று எழுதியிருந்தது. ஒரு முனையில் ஒரு கண் வரைந்திருந்தது. மறு முனையில் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. கண்ணுக்கும் புள்ளிக்கும் நடுவில் 11 என்று இருந்தது.

"ஊரு, ஸ்டேஷன், பாலம்னு ஏதோ செய்யப் போறீங்கன்னு நெனச்சேன்."

"ம்."

"இதயா என் மெஷின் இருந்த எடத்துல வெக்கப் போறீங்க?"

"பாத்துட்டு எடுத்துடறேன்."

"என்ன பாக்கணும்?"

"இன்னும் கொஞ்சம் முன்னாடியே தெரிஞ்சிருக்குமான்னு. விசாரணைல எரநூறு மீட்டர்ல தெரிஞ்சிருக்கும்னு எழுதினாங்க. அவங்க நின்னுட்டு பாத்து எழுதினது. நான் உக்காந்திருந்தேன். கண்ணு வேற ஒயரம். அந்தக் கட்டடம் எவ்வளவு மறைக்கும்னு அளவு வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா?"

அவர் நோட்டை வாங்கி மூடி வைத்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஒம்பது வருஷமா அந்தம்மா இங்க இருக்காங்க. டீ குடிக்கறப்ப இருக்காங்க, தெருவுல இருக்காங்க. நான் ஒதுங்கி ஒதுங்கிக் குடும்பம் நடத்திட்டேன். எடம்னு ஒண்ணு இல்லாம இருந்தாங்க, சரின்னு விட்டேன். இப்ப அளவெடுத்து, சட்டம் அடிச்சு, அவங்களுக்கு ஒரு எடம் போட்டுத் தரப் போறீங்க. அந்தப் பலகை உள்ள வந்தா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். பயமுறுத்தறதுக்குச் சொல்லல."

"தெரியும்," என்றார் அவர். "நீ பயமுறுத்த மாட்ட."

அன்று அவள் இரண்டு கட்டுத் துணியை முடித்தாள். அவர் பாத்திரம் கழுவி வைத்தார். பலகை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று அவளும் காத்திருக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை வெயில் வந்தது. தச்சரின் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டபோது அவள் பையை எடுத்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க, மூலை இடிச்சா சார் என்னக் கொன்னுடுவாரு."

பலகையைத் தச்சரும் டிரைவரும் பிடித்து உள்ளே கொண்டு வந்தார்கள். வெளிர் மஞ்சள். அறுத்த ஓரத்தில் அடுக்கடுக்காகக் கோடு. அதை இரண்டு நாற்காலி மேல் வைத்துவிட்டுத் தச்சர் மறுபடி வெளியே போனார். இன்னொன்றோடு வந்தார். அதே அளவு. அதைச் சுவரில் சாய்த்தார்.

"இது எதுக்கு?" என்றாள் மனைவி.

"ஷீட்டு எட்டுக்கு நாலு, அக்கா. ரெண்டடி அகலத்துல நீளவாக்குல அறுத்தா ரெண்டு வருது. சார் ஒண்ணு போதும்னாரு. பாதி ஷீட்ட எவன் வாங்குவான்? கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டான். இருக்கட்டும், மாவு பெசையவாவது ஆவும்." அவர் வியர்வையைத் துடைத்தார். "காலுக்கு ஸ்க்ரூ கொண்டாரல. கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். அதுக்குள்ள யாரும் சாயாதீங்க."

தள்ளுவண்டி போயிற்று. அவள் ஒரு காலில் செருப்போடு நின்றாள்.

டிரைவர் பலகை மேல் பென்சிலால் வளைவைப் போட்டார். தண்டவாளம் இன்னும் ஒட்டவில்லை. ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அதுதான் பம்ப் ஹவுஸ். பலகையின் கடைசி முனையில், விளிம்புக்கு ஒட்டினாற்போல், எதையோ வைக்கத் தேடினார். பை, சட்டை, மேசை. ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் செருப்பைக் கழற்றினாள். மெஷின் டப்பாவிலிருந்து தலையுள்ள குண்டூசி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பலகையில் அழுத்திக் குத்தினார். நின்றது.

மறு முனைக்குப் போய், முட்டி போட்டு, கன்னத்தைப் பலகையில் வைத்தார். ஒரு கண்ணை மூடினார். தலையை நூல் நூலாக நகர்த்தினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல," என்றார். பிறகு, "தெரியல." பிறகு வெகு நேரம் கழித்து, "இங்க தெரியுது."

"எவ்வளவு?"

அவர் டேப்பை வைத்தார். "எட்டடிக்கு ரெண்டு இஞ்ச் கம்மி. அவங்க எழுதினதுதான். எரநூறு."

"அப்ப முன்னாடி தெரிய வழியே இல்ல."

"இல்ல."

"எரநூறுல வண்டி நிக்குமா?"

"நிக்காது. நானூறு வேணும்."

"அப்ப உங்க மேல தப்பு இல்ல."

"இல்ல."

சொல்லிவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை. முகம் மாறவும் இல்லை. அவள் எதிர்பார்த்தது எதுவும் அங்கே நடக்கவில்லை. பலகை முடிகிற இடத்தில் ஊசி நின்றது. அதற்குப் பிறகு வெறும் காற்று, அப்புறம் சுவர். சுவரில் இரண்டாவது பலகை.

அவள் அதைப் பார்த்தாள். கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்தாள், அளக்கவில்லை.

"நானூறு வேணும்னீங்க."

"ஆமா."

"எரநூறு இங்க முடியுது. மிச்சம்?"

"மிச்சம் அதுக்கு அப்புறம்."

"அதுவும் எட்டடிதான?"

அவர் தலையை நிமிர்த்தினார். "கிட்டத்தட்ட."

"அதுக்கு எத்தன செகண்டு?"

"இருவத்தாறு."

"ஒரே நீளம். இது பதினொண்ணு, அது இருவத்தாறா?"

"வேகம் கொறஞ்சுக்கிட்டே வரும். கடைசில ரொம்ப மெதுவா போகும். நின்னா போதும்னு இருக்கும்."

அவள் இரண்டாவது பலகையின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் பிடிங்க."

"எதுக்கு?"

"பிடிங்க."

முதல் பலகை முடிகிற இடத்தில் இதை முட்டக் கொடுத்தார்கள். ஹால் போதவில்லை. கடைசி மூன்றடி சமையலறை வாசலைத் தாண்டி உள்ளே போயிற்று. ஒரு முனையைத் துணிக்கட்டுகள் மேலும் மறு முனையை அரிசி டின் மேலும் நிறுத்தினார்கள். இரண்டு பலகைக்கும் நடுவில் மெல்லிய கோடு. கோட்டின் இந்தப் பக்கம், ஒரு விரல் தள்ளி, குண்டூசி.

"வண்டி எங்க நின்னுச்சு?"

அவர் ஒருக்களித்துச் சமையலறைக்குள் போனார். அடுப்புக்குப் பக்கத்தில் பலகை முடிந்தது. அங்கே விரலை வைத்தார்.

"நின்னதும் என்ன பண்ணீங்க?"

"கார்டுக்குச் சொன்னேன். அவரு கடைசிப் பெட்டிலேர்ந்து எறங்கி எங்கிட்ட வந்துட்டு, இங்கேர்ந்து பாக்கப் போனாரு."

"நீங்க?"

"டிரைவர் இன்ஜின விட்டு எறங்கக் கூடாது. ரூல்."

"எறங்கல."

"எறங்கல."

"பாக்கவே இல்லையா?"

"முன்னாடி பாத்ததோட சரி." அவர் அடுப்பைப் பார்த்துப் பேசினார். "கையத் தூக்கினாங்க. நில்லுன்னு தூக்கினாங்களா, முகத்த மறைச்சுக்கத் தூக்கினாங்களா, தெரியல. அப்புறம் நான் எதிர்ல தடத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். கார்டு திரும்பி வந்து, போயிட்டாங்கன்னாரு. கெளம்பலாம்னாரு."

"எத்தன நிமிஷம் கழிச்சு வந்தாரு?"

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"இருவத்திரண்டு."

"எரநூறு மீட்டர் நடக்க?"

"கல்லு மேல நடக்கணும். மூணு நிமிஷம்."

"போக மூணு. வர மூணு."

"ஆமா."

"மிச்சம் பதினாறு."

அவர் தலையை மட்டும் அசைத்தார். அந்தப் பெண்ணின் உயிர் உடனே போயிருந்தால் கார்டு ஆறு நிமிஷத்தில் திரும்பியிருப்பார். மேலே ஒன்றிரண்டு ஆகியிருக்கும். அவளுக்குக் கணக்குப் புரிந்தது. இந்தக் கணக்கை அவர் இருக்கையில் உட்கார்ந்தபடியே, கடிகாரத்தைப் பார்த்தபடியே, அப்போதே போட்டிருக்கிறார் என்பதும் புரிந்தது.

"அந்தக் கார்டக் கேக்கலயா?"

"ரெண்டு தடவ சொல்ல வந்தாரு. நான் எந்திரிச்சுப் போயிட்டேன். போன மாசம் செத்துட்டாரு. அவரு வீட்டுலேர்ந்து வந்துதான் பெட்டியப் பிரிச்சேன்."

அவள் ஹாலுக்கு வந்தாள். மெஷின் ஸ்டூலை இழுத்து, பலகைகள் சேர்கிற இடத்தில் போட்டாள். சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை அதன் பக்கத்தில் போட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எறங்குங்க," என்றாள்.

"ரூல்."

"ரிட்டயர் ஆயாச்சு. எறங்கி வாங்க. அந்தப் பதினாறு நிமிஷம் கூட உக்காருவோம்."

அவர் அடுப்புப் பக்கத்திலேயே நின்றார். கை பலகையின் விளிம்பில் இருந்தது. பிறகு வாசலில் ஒருக்களித்து நுழைந்தார். பலகையைத் தொட்டுக்கொண்டே வந்தார். நாலு எட்டு. மூன்றாவதில் நின்றார். அவள் கூப்பிடவில்லை. அவர் நிமிர்ந்து எதிரே பார்த்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே நாலாவது எட்டையும் வைத்தார். உட்கார்ந்தார். அவளும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

தச்சர் ஸ்க்ரூப் பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"என்னக்கா, பலகைக்குக் காவலா?"

"அங்கயே உக்காருப்பா. இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு."

"எதுக்கு ஒம்பது நிமிஷம்? பசை காயறதுக்கா? பசையே இன்னும் போடலயே."

தச்சர் பலகையைப் பார்த்தார். வேண்டாம் என்ற பாதி சேர்ந்திருந்தது. தட்டையாக, நேராக இருந்தது. ஒன்பது எம்எம்முக்கு மோசமில்லை. ஒரு குண்டூசியைத் தவிர மேலே ஒன்றும் இல்லை. அவர் வாசல்படியில் உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

டிரைவர் குனிந்து முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டார். முகம் ஊசிக்குப் பக்கத்தில் இருந்தது.

"ரொம்ப வலிக்குதாம்மா?" என்றார்.

தச்சர் நிமிர்ந்தார். அக்காவுக்கு என்ன என்று கேட்க வாயைத் திறந்தார். அவள் திரும்பவே இல்லை. கேட்டது அவளை இல்லை. ஹாலில் வேறு யாரும் இல்லை.

தச்சர் மடியிலிருந்த பொட்டலத்தைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார். கடிகாரத்தில் இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.